தன் மின்சாரத்தைத் தானே தேடிக்கொள்ளும் உணரி

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் கலியாண வீடியோவுக்காகப் பறக்கவிடும் ட்ரோன்களில் பெரும்பாலானவை நான்கு மோட்டர் கொண்டவை. எழும்புவதும் திரும்புவதும் காற்றில் அசையாமல் நிற்பதும் அந்த நான்கின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதால் நடப்பவை. விசிறி தரும் தூக்குவிசை சுற்றுவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மோட்டரின் வேகம் 10 சதவீதம் குறைந்தால், அந்த மூலையின் தூக்குவிசையில் 19 சதவீதம் போய்விடும். ஒரு மோட்டர் முற்றாக நின்றால், சாதாரண நான்கு மோட்டர் ட்ரோன் குப்புற விழும். கூரையோடு கூரை முட்டி நிற்கும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளின் மேல் அப்படி நடந்தால், கீழே நடந்துபோகிறவருக்கு ஒதுங்க இடம் ஏது?

ஆகவேதான் மோட்டரின் வேகத்தைத் தனியாகக் கண்காணிக்கும் உணரிகள் கவனம் பெறுகின்றன. அவற்றில் சிலவற்றுக்குத் தனிப் பற்றரி தேவையில்லை. பற்றரி வேண்டாத உணரி என்றதும், ட்ரோன் பறந்தபடியே தன்னைச் சார்ஜ் செய்துகொள்ளும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது நடக்காது. உணரி எடுக்கும் மின்சாரமும் மோட்டரின் சுழற்சியிலிருந்துதான், அதாவது ட்ரோனின் பற்றரியிலிருந்துதான், வருகிறது. அதன் அளவு மிகச் சொற்பம். சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். சில்லு சுற்றினால் மின்சாரம் வரும். அந்த மின்சாரமே சில்லின் வேகத்தையும் சொல்லிவிடும். கார் என்ஜின்களில் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட இத்தகைய வேக உணரிகள் நெடுங்காலமாக இருக்கின்றன.

புதிய வழி உராய்வு மின்சாரம். 2012இல் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சோங் லின் வாங் குழுவினர் இதற்கான முதல் மின்னாக்கியை வெளியிட்டார்கள். டெஃப்லான் போன்ற ஒரு படலமும் செம்பு போன்ற ஓர் உலோகமும் தொட்டு விலகும்போது மின்னேற்றம் இடம்மாறும். சுழலும் பகுதியில் நான்கு பட்டைகள் இருந்தால், ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்பு கிடைக்கும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று, 400 துடிப்பு. துடிப்புகளை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்.

மோட்டரை ஓட்டும் இ.எஸ்.சி. பலகையே இன்று பல ட்ரோன்களில் வேகத்தைச் சொல்கிறதே என்று கேட்கலாம். சொல்கிறதுதான். ஆனால் அந்தப் பலகையே பழுதானால் அது தரும் கணக்கும் கெட்டுவிடும். தனி உணரி வேண்டியது அதற்காகத்தான். அதன் துடிப்புகளை எண்ணும் சுற்றுக்கும் செய்தியை அனுப்பும் ரேடியோவுக்கும் மின்சாரம் வேறு வழியில்தான் வரவேண்டும் என்பதையும் மறைக்கக்கூடாது.

இனி, கொழும்புக்கென்று உள்ள சிக்கல். ஈரக்காற்றில் உராய்வு ஏற்றம் கசிந்துபோகும். வெள்ளவத்தையில் ஈரப்பதனோடு உப்பும் சேர்ந்து வருகிறது. அந்த உப்பு மோட்டரின் பெயாரிங்கையும் அரிக்கும். எங்களுக்கு இந்த உணரி கூடுதலாகத் தேவைப்படுவதும் இந்தக் காற்றால்தான், அது தடுமாறக்கூடியதும் இந்தக் காற்றில்தான். ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு: எண்ணப்படுவது துடிப்பின் உயரம் அல்ல, எண்ணிக்கை. ஏற்றம் பாதியாகக் குறைந்தாலும், இரைச்சலுக்கு மேல் துடிப்பு தெரியும்வரை வேகம் சரியாகவே வரும். அந்த எல்லை எங்கே என்பதே கேள்வி. படலத்தைக் காற்றுப் புகாமல் மூடினால் எல்லை தள்ளிப்போகும், ஆனால் எடை கூடும். உரசாமல் இயங்கும்படி அமைத்தால் தேய்மானம் குறையும், துடிப்பும் மெலியும்.

இத்துறை எங்களுக்கு அந்நியமானதும் அல்ல. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த இஷார தர்மசேன, 2017இல் பிரித்தானியாவின் சரே பல்கலைக்கழகத்தில் ரவி சில்வா முதலானோருடன் சேர்ந்து இந்த மின்னாக்கிகளுக்கான கோட்பாட்டு அடிப்படை ஒன்றை வெளியிட்டார். ஏற்றம் குறைந்தால் துடிப்பு எவ்வளவு குறையும் என்று கணக்கிட அத்தகைய கோட்பாடு உதவும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் கிடைத்த எண்ணை மட்டும் காட்டி இங்கே உணரி விற்க வருகிறவரிடம், 80 சதவீத ஈரப்பதனில், உப்புப் படிந்த நிலையில் எடுத்த அளவீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.