கோட்டுக்கு வெளியே நிற்பவர்

தில்லி கேட் அருகே அமைந்துள்ள அம்பேத்கர் விளையாட்டரங்கை உங்களுள் சிலர் பேருந்தில் செல்லும்போதேனும் கண்டிருப்பீர்கள். 1960ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுப்ரதோ கோப்பைக்கான பள்ளிக் கால்பந்தாட்டப் போட்டிகள் அங்கு நடைபெற்றதுண்டு. அத்தகைய ஆட்டமொன்றைக் காண நேர்ந்தால், பந்தைத் தொடரும் உங்கள் கண்களைச் சற்றே திருப்பி, எல்லைக்கோட்டின் ஓரத்தில் நிற்கும் பயிற்றுநரையும் பாருங்கள். அவர் நிற்பதற்கென்று விதிகள் ஓர் இடத்தை வரையறுத்துள்ளன. இருக்கைகளின் இருபுறமும் 1 மீட்டர் வரை அவ்விடம் நீளும். முன்புறத்தில் எல்லைக்கோட்டுக்கு 1 மீட்டர் தொலைவிலேயே அது முடிந்துவிடும். அங்கு நின்று அவர் தம் அணிக்கு அறிவுரை கூறலாம். ஆட்டத்தில் தலையிடுதல் ஆகாது.

2023ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், பெங்களூரு கண்டீரவா அரங்கில், தெற்காசியக் கால்பந்துப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. முற்பாதி முடியும் தறுவாயில் இந்தியா இரண்டு கோல்கள் முன்னிலையில் இருந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே சென்ற பந்தை எறிவதற்காகப் பாகிஸ்தான் வீரர் ஒருவர் கையில் எடுத்தார். நடுவரின் தீர்ப்பு தவறானது என்று எண்ணிய இந்தியப் பயிற்றுநர் இகோர் ஸ்டிமாச், பின்னாலிருந்து அப்பந்தைத் தட்டிப் பறித்தார். உடனே இரு அணியினரும் ஒருவரையொருவர் தள்ளத் தொடங்கினர். ஸ்டிமாச்சுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அவர் வெளியேறிய பின்னரும் இந்தியா 4–0 என வென்றது என்பது வேறு செய்தி.

நாட்டுக்காக ஆடும்போது உணர்ச்சி பொங்குவது இயல்பே என்றும், தம் வீரர்களைக் காக்க வேண்டுமெனில் மீண்டும் அவ்வாறே செய்வேன் என்றும் ஸ்டிமாச் பின்னர் கூறினார். இரசிகர் பலர் அவரைப் பாராட்டினர். வீரர்களின்பால் அவர் கொண்டிருந்த அன்பை நானும் ஐயுறவில்லை. ஆயினும் அச்செயலை வீரம் என்று ஏற்க என்னால் இயலவில்லை.

காரணத்தைக் கூறுகிறேன். கால்பந்தாட்டம் உடலோடு உடல் உரசும் ஆட்டம். சடுகுடுவில் பாடி வருபவரைப் பிடிப்பது குற்றமன்று, அதுவே ஆட்டம். அதுபோல், தோளோடு தோள் மோதுவதும், சறுக்கிச் சென்று எதிரியின் காலடியிலிருந்து பந்தை எடுப்பதும் கால்பந்தில் கலையாகவே மதிக்கப்படுகின்றன. விதிகள் அவற்றைத் தடைசெய்யவில்லை. அளவு மட்டுமே வகுத்துள்ளன. கவனக்குறைவாக மோதினால் எதிரணிக்குத் தனி உதை வழங்கப்படும். எதிரிக்கு நேரும் இடரைப் பொருட்படுத்தாது மோதினால் மஞ்சள் அட்டை. வரம்பு மீறிய வலிமையைச் செலுத்தினால் சிவப்பு அட்டை. இக்காலத்தில் ஆட்டம் மென்மையாகிவிட்டது என்று முதியோர் சிலர் குறைப்படுவதுண்டு. முறிந்த காலோடு வீட்டில் கிடப்பவரிடம் அதனைச் சொல்லிப் பார்க்கட்டும்!

இங்கு ஒன்றை நோக்குக. சறுக்கிச் சென்று பந்தைப் பறிக்கும் வீரர் தம் காலையும் பணயம் வைக்கிறார். பிழைபட்டால் அடி அவர்மீதும் விழும். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைத் தட்டிவிடும் பயிற்றுநருக்கு அத்தகைய இடர் யாதுமில்லை. அவர் மூட்டிய சினத்தில் ஒருவரையொருவர் தள்ளிக்கொள்பவர்கள் களத்திலிருக்கும் இளைஞர்கள்தாம். ஸ்டிமாச் தாமே குரோவேஷிய அணியின் தடுப்பாட்டக்காரராக 1998 உலகக் கோப்பையில் ஆடியவர். இவ்வேறுபாட்டை அவரினும் நன்கறிந்தவர் யார்?

ஜூன் 27ஆம் நாள் குவைத்துடன் நடந்த ஆட்டத்தில் அவர் மீண்டும் வெளியேற்றப்பட்டார். சிறிது நேரத்தில் கைகலப்பு மூண்டு, இரு அணிகளிலும் ஒவ்வொரு வீரர் சிவப்பு அட்டை பெற்றனர். இந்தியா கைக்குள் வைத்திருந்த வெற்றி, இறுதி நேரத்தில் தன் வலைக்குள்ளேயே விழுந்த கோலால் 1–1 எனச் சமனாயிற்று. பயிற்றுநரின் சினமே இதற்குக் காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆனால் அணியினர் பதறிய அவ்வேளையில், அமைதிப்படுத்த வேண்டியவர் கோட்டின் அருகே இல்லை.

அரையிறுதியிலும் இறுதியிலும் துணைப் பயிற்றுநர் மகேஷ் கவ்லியே அணியை நடத்தினார். அவரும் முன்னாள் தடுப்பாட்டக்காரர். ஜூலை 4ஆம் நாள் குவைத்தைப் பெனால்டி உதைகளில் 5–4 என வீழ்த்தி இந்தியா கோப்பையை வென்றது.

நடுவர்கள் தவறுவதே இல்லையா எனில், தவறுவர். அதே 2023 மார்ச்சில், எதிரணி விரைந்து அடித்த தனி உதை கோலானதை எதிர்த்துக் கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்றுநர் இவான் வுகோமனோவிச் தம் அணியையே களத்திலிருந்து அழைத்துச் சென்றார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்கு 10 ஆட்டங்கள் தடையும், அணிக்கு 4 கோடி ரூபாய் தண்டமும் விதித்தது. முறையீட்டை எழுத்தில் அளிக்கலாம். அதற்குக் குழுக்கள் உள்ளன. அது மெல்ல நடக்கும் வழி என்பதை ஒப்புகிறேன்.

2019ஆம் ஆண்டு முதல், வீரர்களைப் போலவே பயிற்றுநருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் காட்டப்படுகின்றன. பள்ளிப் போட்டிகளில் இவ்விதியை இன்னும் கடுமையாக்க வேண்டும் என்பது என் கருத்து. சிவப்பு அட்டை பெற்ற பயிற்றுநரை அடுத்த ஆட்டத்தின்போது அரங்கிற்குள்ளேயே விடலாகாது. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கைப்பேசி வழியே கட்டளையிடுவதற்கும் இடமளிக்கக் கூடாது.