பாம்பும் பாசமும்!

விளக்கேற்றும் வேளையிலே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி ஒளிர்கிறது. மாமியார் சீறுகிறாள், மருமகள் விம்முகிறாள். அது போதவில்லையாம்! பாம்பும் வருகிறது, படமெடுத்து, பழி தீர்க்க!

2015இல் இந்தியிலே ‘நாகின்’ எழுந்தது. குரல் மாற்றித் தமிழிலும் தவழ்ந்தது. 2017இல் ‘நந்தினி’ வந்தது. தென்னக மொழிகள் நான்கிலும் உலவிற்று. குடும்பக் கதை, காதற் கதை, பேய்க் கதை, தெய்வக் கதை, அத்தனையும் ஒரே கலத்தில்! மக்கள் மயங்கினர்.

ஏன்? அவர்கள் மடையர்களா? அல்லர், தோழர்களே! அரசமரத்தடியிலே நாகக்கல் நிற்கிறது. புற்றுக்குப் பால் வார்க்கும் பாட்டி இருக்கிறாள். நாகதோஷம் என்று கூறி நங்கையின் மணத்தைத் தடுக்கும் சோதிடன் இருக்கிறான். அச்சம் முன்பே வீட்டில் குடியிருக்கிறது. தொடர், அதைத் தட்டி எழுப்புகிறது. மருமகளின் கண்ணீர் மெய்யானது, நாள்தோறும் நாம் காண்பது. அந்த மெய்யின் தோளேறிப் பொய் நுழைகிறது! கலவையின் சூட்சுமம் இதுவே.

வெறும் பொழுதுபோக்குத்தானே என்பர். பாம்பு பால் குடித்து வாழும் உயிரன்று; பழியை நெஞ்சில் சுமக்கும் ஆற்றலும் அதற்கில்லை. ஆனால் அதன் நஞ்சு மெய்! 2000 முதல் 2019 வரை இந்தியாவிலே பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் என ஆய்வாளர் கணித்துள்ளனர். மந்திரிப்பவனை நாடி மணித்துளிகளை இழந்து மடிந்தோர் அவர்களுள் உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பின் நஞ்சை எடுத்து, நச்சுமுறி மருந்துக்கு வழங்குகின்றனர். உயிர் காக்கும் அந்தக் கரங்களுக்குத் தொடரிலே இடமுண்டா? மகுடிக்கன்றோ இடம்!

கலவையை நாம் வெறுக்கவில்லை. 1949இல் திரைக்கு வந்த அண்ணாவின் ‘வேலைக்காரி’யிலே காதலுண்டு, ஆள்மாறாட்டமுண்டு, பழிவாங்கலும் உண்டு, கூடவே போலிச் சாமியாரின் முகத்திரையும் கிழிந்தது! 1984இல் தூர்தர்ஷன் தந்த ‘ஹம் லோக்’ குடும்பக் கதையோடு குடும்பநலத்தையும் பெண்ணின் உரிமையையும் கலந்தது. மக்கள் விரும்பியே பார்த்தனர். கலக்கும் கரண்டி ஒன்றுதான். இடுவது மருந்தா, நஞ்சா என்பதே கேள்வி!

இளைஞர்களே! அன்னையை ஏளனம் செய்து தொலைக்காட்சியை அணைப்பது வீரமன்று. அருகே அமருங்கள். மருமகளுக்காக அவர் கண்ணீர் சிந்தும்போது உடன் வருந்துங்கள், பாம்பு படமெடுக்கும்போது, “கடித்தால் எங்கே போவது, அம்மா? கோயிலுக்கா, மருத்துவமனைக்கா?” என்று கேளுங்கள். எழுத வல்லோர் எழுதுங்கள்: கடிபட்ட கணவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் மருமகளின் கதையை! அதிலும் பாசமுண்டு, பரபரப்புண்டு, பாம்பும் உண்டு. பொய் ஒன்றுதான் இராது!