வஸ்கொடகாமாவுக்கு இன்னும் என்ன கௌரவம்?

1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த வஸ்கொடகாமா, இந்தியாவுக்கான கடல்வழியைக் 'கண்டுபிடித்தார்' என்றே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொன்னேன். ஆனால் கிழக்காபிரிக்காவின் மலிந்தியில் ஏற்றிக்கொண்ட ஒரு மாலுமிதான் அவருக்கு வழிகாட்டினார். அரபிகளும் குஜராத்திகளும் பல நூற்றாண்டுகளாகப் போய்வந்த கடல் அது.

1502இல், இரண்டாவது பயணத்தின்போது, மக்காவிலிருந்து திரும்பிய கப்பலொன்றை காமா மறித்தார். பெண்களும் சிறுவர்களுமாக நூற்றுக்கணக்கானோர் அதில் இருந்தனர். பெருந்தொகை மீட்புப் பணம் தருவதாகக் கெஞ்சியும் கப்பலுக்குத் தீ வைக்கப்பட்டது. தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்காட்டி இரந்ததை எழுதிவைத்தவர், அதே கப்பற்படையில் வந்த தொமே லோபஸ் என்ற போர்த்துக்கேயரே.

'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். அந்தக் காலத்து லோபஸுக்கே அது மறக்கமுடியாததாக இருந்ததே!

லிஸ்பனில் 1998இல் திறந்த நீண்ட பாலத்துக்கு அவர் பெயர். அது போர்த்துக்கல்லின் விடயம். கோவாவில் 1961இல் போர்த்துக்கேய ஆட்சி முடிந்தும், அங்குள்ள துறைமுக நகருக்கு இன்னும் அவர் பெயர்தான். இது எனக்குப் புரியவில்லை.

பாடப்புத்தகத்திலிருந்து அவரை நீக்கச் சொல்லவில்லை. இவ்வருடம் கரும்பலகையில் 'வந்து சேர்ந்தார்' என்று எழுதினேன். கீழே 1502ஐயும் எழுதினேன்.