ஆகஸ்ட் 20: எல்லாக் கிளைகளும் ஒரே நாளில்!

தோழர்களே!

மாதக் கூட்டம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சுற்றறிக்கை வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இந்தக் கடிதம்தான் சுற்றறிக்கை. எழுந்திருங்கள்!

2013 ஆகஸ்ட் 20, புனே. காலை நடைக்குப் போன டாக்டர் நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். மூடநம்பிக்கையின் பேரால் நடக்கும் கொடுமைகளுக்கு எதிராக ஒரு சட்டம் கேட்டவர் அவர். ஆண்டுக்கணக்கில் கேட்டார். உயிரோடு இருந்தவரை தரவில்லை. அவர் விழுந்த மறுநாளே மகாராஷ்டிர அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது! ஒரு சட்டத்துக்கு ஓர் உயிர். அடுத்த மாநிலத்துக்கும் அதுதான் விலையா? சொல்லுங்கள் தோழர், அதுதான் விலையா?

2015இல் கோலாப்பூரில் பன்சாரே. அதே ஆண்டு தார்வாட்டில் கல்புர்கி. 2017இல் பெங்களூருவில் கௌரி லங்கேஷ். தோட்டா மாநில எல்லை பார்க்கவில்லை. நாம் மட்டும் ஏன் பார்க்கிறோம்?

2022 அக்டோபர். கேரளம், எலந்தூர். நரபலி. இரண்டு பெண்கள். ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர். அப்போது சட்டம் வரும் என்றார்கள். 2025இல் உயர் நீதிமன்றத்தில், இப்போதைக்கு இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. மலையாளத் தோழர்கள் கொதிக்கிறார்கள். நாம் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டோம்.

அவர்கள் அங்கே மனு கொடுக்கிறார்கள். நாம் இங்கே மனு கொடுக்கிறோம். தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகத்தான் கைகழுவுவார்கள்!

தோழர், நமக்கு ஒன்றுசேரத் தெரியாதா? 1987ஐ நினைத்துப் பாருங்கள். கைப்பேசி இல்லை. வாட்ஸ்அப் இல்லை. நாட்டின் ஐந்து திசைகளிலிருந்து அறிவியல் கலைப்பயணம் புறப்பட்டது. ஊர் ஊராகப் பாடி, ஆடி, பேசி, விஷவாயு தின்ற போபாலில் போய்ச் சேர்ந்தது. அந்தச் சூட்டோடு மறு ஆண்டே அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பு பிறந்தது. தபால் கார்டை வைத்துக்கொண்டு அவர்கள் செய்தார்கள். நாம் கையில் போனை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம்?

மையக் குழுவுக்குத் தீர்மானம் அனுப்பினால் வேலை முடிந்தது என்றொரு பழக்கம் நம்மிடம் உண்டு. தீர்மானத்துக்குக் கால் கிடையாது தோழர். நமக்குத்தான் உண்டு.

மந்திரமா தந்திரமா நிகழ்ச்சி எத்தனை தெருவில் போட்டிருப்போம்! கத்தியில் மெத்தில் ஆரஞ்சு தடவி எலுமிச்சம்பழத்தை அறுப்போம். புளிப்புச் சாறு பட்டதும் சிவக்கும். "ஐயோ, ரத்தம்!" என்று முன்வரிசைப் பாட்டி வாயைப் பொத்துவார். கத்தியை அவர் கையிலேயே கொடுத்து அறுக்கச் சொல்வோம். அறுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா நான் காசு அழுதேன்?" என்பார். அந்தக் கோபம், அது போதும் நமக்கு! அதே கோபம் ஓசூரைத் தாண்டினால் கன்னடத்தில் இருக்கிறது. பாலக்காட்டில் மலையாளத்தில் இருக்கிறது. அதை ஒரே நாளில் தெருவுக்குக் கொண்டுவருவது யார்? நாம்தான். வேறு யாரும் வரப்போவதில்லை.

மகாராஷ்டிரத்தில் சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே காவல் நிலையம் வழக்குப் பதிகிறதா? மகாராஷ்டிரச் சட்டம் சொல்லும் விழிப்பு அலுவலர் நாற்காலியில் இருக்கிறாரா, காகிதத்தில் இருக்கிறாரா? எந்தப் பிரிவு பல்லில்லாதது? புனேத் தோழருக்குத் தெரியும். பெங்களூருத் தோழருக்குத் தெரியும். கேளுங்கள்! கேட்டு எழுதுங்கள். எழுதியதைத் தமிழில், மலையாளத்தில், தெலுங்கில் கொண்டுவாருங்கள். நம் கோரிக்கை ஒரே கோரிக்கையாகப் போகட்டும்.

பயமா? இருக்கட்டும். பயத்தோடு வாருங்கள். ஒரு கிளை தனியாக நின்றால் மிரட்டுவது சுலபம். நூறு கிளைகள் ஒரே மாலையில் நின்றால் யாரை மிரட்டுவார்கள்? வாயை மூடியவர்களை விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்த நரபலிக்கு அவர்கள் தேடுவது பேச ஆளில்லாதவர்களைத்தான்.

ஆகஸ்ட் 20, தேசிய அறிவியல் மனப்பான்மை தினம். மாலையிட்டுக் கலையும் நாளாக அதை விட்டுவிடாதீர்கள். அன்று மாலை எல்லாக் கிளையும் தெருவில்! ஒரே கோரிக்கை, ஒரே நேரம்!

குமரித் தோழரே, திருவனந்தபுரத்தைக் கூப்பிடுங்கள். கோவைத் தோழரே, பாலக்காட்டைக் கூப்பிடுங்கள். ஓசூர்த் தோழரே, பெங்களூருவைக் கூப்பிடுங்கள். இன்றிரவே கூப்பிடுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா? மறுபடி கூப்பிடுங்கள்!