மேல்நீரின் உஷ்ணமும் கொச்சி மீன்பிடிப்பும்

நீலகிரி ஓடைகளில் வளரும் டிரௌட் மீன் குளிர்ந்த நீரையே நாடும். நீரின் உஷ்ணநிலை 20 டிகிரி சென்டிகிரேடை வெகுவாகத் தாண்டினால் அது சோர்ந்து இரை கொள்ளாது. இதற்குரிய காரணங்களுள் ஒன்றைப் பள்ளி மாணவரும் அறிவர். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; 30 டிகிரியிலோ ஏழரை மில்லிகிராம்தான். ஆகவே குளிர்ந்த நீர் மீனுக்கு நலந் தருவது என்ற முடிவு எளிதில் பிறக்கிறது. மலையோடைக்கு இம்முடிவு பொருந்தும். கொச்சிக் கடலுக்கு இதனை அப்படியே பொருத்துவது பெரும் பிழையாகும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கரையோரமாக ஆழ்நீர் மேலெழுந்து வருகிறது. இந்நீர் குளிர்ந்தது, ஆயினும் பிராணவாயு குன்றியது. நெடுங்காலம் காற்றின் தொடர்பின்றி ஆழத்தில் கிடந்து, மக்கும் பொருள்களுக்குத் தன் பிராணவாயுவைப் பறிகொடுத்த நீர் அது. அது கொணரும் உப்புச் சத்துக்களால் மேற்பரப்பில் நுண்ணுயிர்த் தாவரங்கள் செழிக்கின்றன. அவற்றை நாடி மத்தி மீன் கூட்டங்கள் வருகின்றன. ஆனால் கடலடியில் வாழும் மீன்களுக்கு அதே நீர் பகையாகிறது. இக்கரையின் இழுவலைப் பிடிப்பை இந்த ஆழ்நீரோடு தொடர்புபடுத்தி காரல் பான்சே என்ற ஆராய்ச்சியாளர் 1959-ஆம் ஆண்டிலேயே எழுதினார். மூச்சுக்கிடமின்றிக் கரைப்பக்கம் ஒதுங்கிய மீன்கள் சிலபோது வலையில் மிகுதியாக விழும். பதிவேட்டில் அது வளமாகத் தோன்றும். உண்மையில் அது நெருக்கடியே.

மட்டாஞ்சேரி வாய்க்காலில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. மழைக்காலத்தில் மேலே ஓடுவது ஆற்றின் நன்னீர். அதனடியில் கனத்த உப்புநீர், கடலில் மேலெழுந்த அதே குளிர்நீர், முகத்துவாரம் வழியாக உள்ளே புகுகிறது. படகுத்துறையில் வாளியால் நீர் மொண்டு உஷ்ணமானியை வைத்துப் பார்ப்பவர் ஆற்றைத்தான் அளக்கிறார். அடியிலுள்ள மீனின் நிலையை அந்த எண் சொல்வதேயில்லை. இத்தகைய எண்களைப் பிடிப்புக் கணக்கோடு பக்கம் பக்கமாக எழுதிச் சேர்ப்பது உழைப்பை வீணாக்குவதாகும்.

அளவு தவறினால் முடிவும் தவறும். முடிவு தவறினால் இடருறுவது மீனவர் குடும்பம். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த மத்திப் பிடிப்பு 2021-இல் 3,297 டன்னாக வீழ்ந்தது. கடல் சூடேறியதே காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் அப்போது பரவிற்று. உஷ்ணத்திற்கு இதில் பங்கு இருக்கலாம். ஆனால் மழையின் போக்கு, ஆழ்நீரின் வலிமை, குஞ்சுகளையும் வாரியெடுக்கும் வலை ஆகியவற்றை விட்டுவிட்டு உஷ்ணத்தின்மேல் மட்டும் பழிபோடுவது, திருத்தக்கூடிய குற்றத்தையும் திருத்தாமல் விடுவதற்கு வழியாகும். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாது என்ற கேரள அரசின் வரம்பு, உஷ்ணமானி எதைக் காட்டினும் கைக்கொள்ளத் தக்கதே.

களப்பணியாளர் குறைந்தது மேல்நீர், அடிநீர் இரண்டையும் அளக்க வேண்டும்; உஷ்ணத்தோடு உப்பளவையும் பிராணவாயுவையும் சேர்த்தே குறிக்க வேண்டும். கயிற்றால் தக்கையை இழுத்துத் திறக்கும் எடை கட்டிய குப்பி உப்பளவுக்குப் போதும். பிராணவாயுவுக்கு அது உதவாது: நீர் புகும்போது உள்ளிருந்த காற்று குமிழியிட்டு அதனோடு கலந்துவிடும். அதற்குக் குறித்த ஆழத்தில் இருபுறமும் மூடிக்கொள்ளும் குழாய் வேண்டும். எடுத்த நீரை விங்க்ளர் முறைப்படி படகிலேயே மருந்திட்டு நிலைப்படுத்திய பின்னரே கரைக்குக் கொண்டுவர வேண்டும்.