டேட்டிங் செயலிகளின் தரவுக் கசிவு: சட்டம் காணாத சாதி

2015 ஜூலையில், கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆஷ்லி மேடிசன் என்னும் டேட்டிங் தளத்தின் கணினிகளுக்குள் ஊடுருவிய குழுவொன்று, தளத்தை மூடாவிட்டால் பயனர்களின் விவரங்களை வெளியிடுவோம் என்று எச்சரித்தது. நிறுவனம் மூடவில்லை. ஆகஸ்டில் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் கணக்குகளின் விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. மணமானவர்கள் திருமணத்துக்கு வெளியே உறவு தேடுவதற்கென்றே நடத்தப்பட்ட தளம் என்பதால், பலர் அச்செய்தியைச் சிரித்துக்கொண்டே வாசித்தனர். அமெரிக்காவில் பட்டியலில் பெயர் வந்த ஒரு போதகர் தற்கொலை செய்துகொண்டார் என்ற செய்தி வந்த பிறகே சிரிப்பு அடங்கியது.

பட்டியலில் இருந்தோர் அனைவரும் துணையை ஏமாற்றியவர்கள் என்ற முடிவும் பிழையானது. பதிவு செய்பவர் தரும் மின்னஞ்சல் முகவரி அவருடையதுதானா என்று அத்தளம் உறுதிசெய்யவில்லை; யாருடைய முகவரியை இட்டும் யாரும் கணக்குத் தொடங்க முடிந்தது. கனடா, ஆஸ்திரேலிய நாடுகளின் தனியுரிமை ஆணையர்கள் கூட்டாக விசாரித்து 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை இதைக் கண்டித்தது. தளத்தின் முகப்பை அலங்கரித்த பாதுகாப்பு விருதுச் சின்னம் நிறுவனமே புனைந்துகொண்டது என்பதும் அவ்விசாரணையில் தெரியவந்தது. 19 டாலர் செலுத்தினால் கணக்கை அடியோடு அழித்துவிடுவோம் என்று ஒரு சேவை விற்கப்பட்டது. அதை நம்பிப் பணம் கட்டியவர்களின் விவரங்களும் மாதக்கணக்கில் சேமிப்பில் வைக்கப்பட்டிருந்தன.

கசிவுக்குப் பின் நடந்தவை நமக்கு இன்னும் முக்கியமானவை. எந்த மின்னஞ்சல் முகவரியையும் இட்டு, அது பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும் தேடல் தளங்கள் சில நாள்களில் முளைத்தன. மனைவி கணவனையும் முதலாளி தொழிலாளியையும் தேடலாம் என்றாயிற்று. பணம் கேட்டு மிரட்டும் மின்னஞ்சல்கள் தொடர்ந்தன. அதே வேளையில், 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்னும் சேவையை நடத்தும் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட், இக்கசிவைத் தனி வகையாகப் பிரித்தார். முகவரி தம்முடையது என்று உறுதிசெய்தவருக்கு மட்டுமே அதில் விடை கிடைக்கும். தரவு ஒன்றுதான், அதைத் தேடும் உரிமை யாருக்கு என்பதில் அவர் எடுத்த முடிவு பலரைக் காத்தது. நீதிமன்றம் அந்த அளவுக்குக்கூடச் சிந்திக்கவில்லை. இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தவர்கள் புனைபெயரில் வழக்காட முடியாது என்று மிசௌரியிலுள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் 2016-ல் கூறிவிட்டது. அம்பலப்பட்டதற்கு நிவாரணம் பெற, மீண்டும் ஒருமுறை அம்பலப்பட வேண்டியிருந்தது.

நிறுவனத்தின் பொய்யும், பார்வையாளர்களின் ஆர்வமும், நிவாரணத்துக்கு விதிக்கப்பட்ட விலையும் இந்தியாவில் எப்படி இருக்கும் என்பதே நம் கேள்வி. இங்கே டேட்டிங் செயலியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் கசிவின் விளைவு ஒன்றாக இராது. சாதியின் இயக்கம் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். அந்த ஏற்பாட்டை மீறி, தம் துணையைத் தாமே தேட முனையும் இளையோரின் ஒவ்வொரு உரையாடலும் இன்று ஏதோ ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் கிடக்கிறது.

ஆஷ்லி மேடிசன் ஊடுருவல் வெளியே தெரிவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2015 ஜூன் 23 அன்று, பொறியியல் பட்டதாரியான தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தம்முடன் படித்த பிற சாதிப் பெண் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு பொது இடத்தில் இருவர் சேர்ந்து காணப்பட்டதே அந்தக் கொலைக்குப் போதுமானதாக இருந்தது. செயலியிலோ மாதக்கணக்கான உரையாடல், படங்கள், இருவரும் எந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்ற பதிவு ஆகியவை ஒருசேர இருக்கின்றன.

செயலியில் சாதியைக் குறிப்பிடவில்லையே என்று கேட்கலாம். பெயரின் பின்னே சாதியை ஒட்டிக்கொள்வதில்லை என்பது தமிழ்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. ஆயினும் ஊரின் பெயரும் தெருவின் பெயரும் தங்கிப் படிக்கும் விடுதியின் பெயரும் போதும். மீதியை அறிந்துகொள்ள நம் ஊர்களில் ஆள்களுக்குப் பஞ்சமில்லை.

இந்த உண்மையை இந்தியச் சட்ட வரைவாளர்கள் ஒரு காலத்தில் ஓரளவு உணர்ந்திருந்தனர். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018-ல் அளித்த தரவுப் பாதுகாப்பு வரைவு, கூடுதல் காப்பு தேவைப்படும் தரவுகளின் பட்டியலில் உடல்நலம், பாலியல் வாழ்வு ஆகியவற்றோடு சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் சேர்த்திருந்தது. 2019-ன் மசோதாவிலும் அது இருந்தது. 2023-ல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. ஒருவர் வாங்கிய காலணியின் அளவும் அவருடைய சாதியும் இச்சட்டத்தின் முன் ஒரே தரம். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பது பெரிதாகப் பேசப்படுகிறது. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. இழப்பீடு கோர இதுவரை இருந்த வழியான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீக்கிவிடும்.

கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காலம் தாழ்த்தாமல் தெரிவிக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் கூறுகின்றன. நல்ல விதிதான். ஆனால் அந்த அறிவிப்பு எங்கே வந்து சேரும்? பயனர் பதிவுசெய்த எண்ணுக்கோ முகவரிக்கோ வரும். நம் வீடுகளில் பல இளம்பெண்களின் கைப்பேசி அண்ணனின் கையிலோ தந்தையின் கையிலோ இருக்கிறது. 'உங்கள் டேட்டிங் கணக்கின் விவரங்கள் கசிந்துள்ளன' என்னும் குறுஞ்செய்தியே அங்கே இரண்டாவது கசிவாகிவிடும். எந்த வழியில், எந்தச் சொற்களில் தம்மை எச்சரிக்க வேண்டும் என்பதைப் பதிவின்போதே பயனர் தேர்ந்தெடுக்க வழி வேண்டும்.

அரசின் பதிவேடும் இவ்விஷயத்தில் சுத்தமானதன்று. 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மணமக்களின் விவரங்கள் அடங்கிய அறிவிப்பு பொதுவில் ஒட்டப்பட்டு, ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். கேரளத்தில் இவ்வறிவிப்புகள் இணையத்திலும் ஏற்றப்பட்டன. மதவெறிக் குழுக்கள் அவற்றைப் பயன்படுத்தி இணையர்களைத் துன்புறுத்தியதால் 2020-ல் அம்மாநில அரசு அதை நிறுத்தியது. அறிவிப்பை வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கூறியது. ஊடுருவல்காரர் எவரும் தேவைப்படாமல், சட்டத்தின் பெயராலேயே நிகழ்ந்துவரும் வெளிப்படுத்தல் இது.

இதற்கிடையே செயலிகள் கேட்கும் தரவு பெருகிக்கொண்டே போகிறது. ஆண்களைப் பற்றிப் பெண்கள் தமக்குள் எச்சரித்துக்கொள்வதற்காக அமெரிக்காவில் இயங்கிய 'டீ' செயலியிலிருந்து 2025 ஜூலையில் ஏறத்தாழ 72,000 படங்கள் கசிந்தன. அவற்றுள் 13,000 படங்கள் பெண்தான் என்று மெய்ப்பிக்கப் பயனர்கள் கொடுத்த முகப்படங்களும் அடையாள அட்டைகளும் ஆகும். சரிபார்த்ததும் அழித்துவிடுவோம் என்று அந்நிறுவனமும் சொல்லியிருந்தது.

கசிவு நேர்ந்தபின் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்பதே வழக்கமான அறிவுரை. மாற்றத்தான் வேண்டும். ஆயினும் சாதி மறுப்பு உறவில் இருப்பவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்றிரவு எங்கே தங்குவீர்கள் என்பது. மிரட்டல் வந்திருந்தால், கணக்கை அழிக்கும் முன் செய்திகளைத் தேதியும் எண்ணும் தெரியும்படி படமெடுத்து, நம்பிக்கைக்குரிய வேறொருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்கும் என்று நம்ப இடமில்லை. அந்தரங்கப் படங்கள் வெளியானால், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் மற்றொருவரோ தளத்திடம் முறையிட்டு நீக்கக் கோர 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இடமளிக்கின்றன. ஆகவே அவர் தம் கைப்பேசியைத் தொட முடியாத நிலையிலும் தோழர் ஒருவர் செயல்படலாம். கசிந்த பட்டியல் மாணவர் குழுக்களில் சுற்றத் தொடங்கினால், 'உதவுவதற்காக' அதைத் திறந்து தேடுவதும் கூடாது. அப்படித் தேடுபவர், 2015-ல் தேடல் தளங்களை நடத்தியவர்கள் செய்த வேலையையே செய்கிறார்.

சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோரைக் கொண்ட சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும், பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணை இணையர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மணமும் முடிக்காமல், காதலென்றும் பெயரிடாமல், மூன்று மாதம் உரையாடியதற்காகவே வீட்டில் அடைக்கப்படும் ஒரு பெண், தாம் இணையர் என்று எப்படி மெய்ப்பிப்பார்? தனியராக வருபவரின் முறையீட்டையும் சிறப்புப் பிரிவுகள் ஏற்க வேண்டும். வீட்டாருக்குத் தகவல் தரக்கூடாது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டோரின் பெயரை வெளியிடத் தடை இருப்பதுபோல், கசிந்த தரவைக் கொண்டு மிரட்டப்படுவோரின் பெயருக்கும் தடை வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முதன்மைக் கடமைகள் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. சாதித் தரவுக்குத் தனிக் காப்பும் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் கோரி அதற்குள் அரசுக்கு எழுத மாணவர் அமைப்புகளுக்கு அவகாசம் இருக்கிறது.