அக்கா போட்ட கையெழுத்து

சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் என் பெரியம்மா மகள் நின்றிருந்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. விடுதலைப் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, ரேகையும் வைத்துவிட்டு வந்தவள், பெருவிரல் மையைத் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள். அவள் தம்பி ஒரு பட்டுப்புடவையும் இனிப்புப் பெட்டியும் கொடுத்தான். எல்லோருமாக ஓட்டலில் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் சித்தப்பா சொன்னார்: “தம்பி ஒரு குறையும் வைக்காம செஞ்சிட்டான்.”

ஒன்றேகால் ஏக்கரில் தனக்குரிய பாதியைக் கொடுத்தவள் அக்கா. கொடுத்தவன் என்று பேர் வாங்கியவன் தம்பி.

நாம் கணக்கு வைக்கத் தெரியாதவர்கள் அல்லர். பந்தல் வாசலில் மேஜை போட்டு, ஊர்ப் பேரோடு ஆள் பேரும் சேர்த்து 101, 501 என்று மொய் எழுதுகிறோம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் பிறந்தால், மொய் வாங்குவதற்கென்றே கறிவிருந்து வைக்கிறார்கள். வட்டியில்லாமல் ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும் ஏற்பாடு அது. மொய் நோட்டைக் கேலி பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வாங்கியவன் தலைநிமிர்ந்து நடக்க அந்த நோட்டு உதவுகிறது. நாளை அவனும் திருப்பிச் செய்வான் என்று ஊர் நம்புகிறது. குழம்பு வாங்கிய கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தராமல் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கிறோமே, அதுவும் இந்த மரியாதைதான். கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது மூன்றுமே கடமைகள் என்று பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதினார். நம் வீடுகளில் இந்த மூன்றில் நடுவில் உள்ளதுதான் பழுதுபட்டிருக்கிறது. வாங்கியதை வாங்கினேன் என்று ஒப்புக்கொள்ள வாய் வருவதில்லை, அதுவும் கொடுத்தவள் பெண்ணாக இருந்துவிட்டால்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தத் தடையை நீக்க 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வர வேண்டியிருந்தது. 2005-க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தனையும் தாண்டி வந்த உரிமையை, “நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா பொறந்த வீட்டு வாசல் வேணும்ல?” என்ற ஒரு கேள்வி ஒரே காலையில் எழுதி வாங்கிவிடுகிறது. அப்படிக் கேட்பவர்கள் கெட்டவர்களும் அல்லர். பெரும்பாலும் அம்மாதான் கேட்கிறாள்.

கையெழுத்துப் போடும் பெண்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. தம்பி மேல் உள்ள பாசத்தில் மனமுவந்து கொடுப்பவர்கள் ஏராளம். என் அக்காவும் அப்படித்தான் கொடுத்தாள் என்றே நினைக்கிறேன். ஆனால், தன்னுடையது என்று ஊரறிய ஒரு நாளாவது கையில் இருந்தால்தானே ஒருவர் அதைக் கொடுத்ததாக ஆகும்? முதலில் பாகத்தைப் பிரித்து அவள் பேரில் எழுதட்டும். பட்டா அவள் கைக்கு வரட்டும். பிறகு அவளாகத் தம்பிக்குத் திருப்பிக் கொடுத்தால் அது கொடை. வைத்துக்கொண்டால் அது அவள் உரிமை. பாகத்தைக் கண்ணில் காட்டாமலே வாங்கிக்கொண்டு புடவை எடுத்துக் கொடுக்கும்போது, கொடை கொடுத்தவளே கடன்பட்டவளாகிறாள். தலைப்பொங்கல் சீர், காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் என்று வருவதெல்லாம் அந்தக் கடன் கணக்கில்தான் ஏறிக்கொண்டே போகிறது.

அடுப்படியிலும் இதே கணக்குத்தான். ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். அந்த வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். அந்த நிமிடங்களை வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த நாம், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த புடவையை மட்டும் ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருக்கிறோம். “எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்?” என்று அவள் அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தால், அடக்கம் என்கிறோம். வாங்கிக்கொள்ள அவளுக்கு யாரும் பழக்கமே தரவில்லை என்பதை யோசிப்பதில்லை.

என் அக்காவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒவ்வொரு தைக்கும் தம்பி ஒரு ஜோடி கரும்பும் மஞ்சள் கொத்தும் கொண்டுபோய் இறக்குவான். அவற்றை உடனே அவள் உள்ளே எடுத்துப் போகமாட்டாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசல் நிலையில் கரும்பைச் சாத்திவைப்பாள். தண்ணீர்க் குடத்தோடு போகிறவளைக் கூப்பிட்டு நிறுத்தி, “எந்தம்பி கொண்டாந்தான்” என்பாள். அந்த ஒன்றேகால் ஏக்கரில் இப்போது தென்னை நிற்கிறது. காய் வெட்ட வந்த வியாபாரி போன மாதம் நான் இருக்கும்போதே தம்பியிடம் கேட்டார், “இம்புட்டும் உங்க இடமா?” என்று. “எங்கப்பா சொத்து” என்றான் அவன்.